ஓமவல்லி டிக்கெட்டு

அம்மணி, அந்த டிக்கெட்டக் கசக்காதீங்க. அட, கசக்காதீங்கங்கறேன்! ஆங், அப்படியே நீவி மடியில வெச்சுக்கங்க. நானு எறங்கறப்ப எனக்குக் குடுத்துருங்க. உங்களுக்கு அது குப்பை. எனக்கு அதுல வேலையிருக்குது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? கிறுக்கச்சின்னு நெனச்சுப்போட்டீங்களா? முன்னால பூக்கூடையோட உக்காந்திருக்கறாங்களே, அவங்களும் மொதல்ல அப்படித்தான் பாத்தாங்க. இப்ப அவங்களே தேடி வந்து கையில திணிச்சுட்டுப் போறாங்க. இந்த வண்டிக் கண்டக்டருக்குத்தான் என்ற மேல சந்தேகம். “ஏம்மா, பழைய டிக்கெட்டாப் பொறுக்கறீங்களே, எதுக்கு?”ன்னு ஒரு நாளு கேட்டாரு. “ஊறுகாய் போடத்தானுங்க”ன்னேன். அதுக்கப்புறம் கேக்கறதில்லை.

நீங்க எங்க எறங்கறீங்க? தொண்டாமுத்தூரா? அப்பச் சரி, நானு அதுக்கு மின்னாலயே எறங்கிருவேன். சொல்றதுக்கு நேரமிருக்குது. ஜன்னக் கம்பியப் புடிச்சுக்கங்க, வடவள்ளி தாண்டுனா இந்த டிரைவரு ஏரோப்ளேனு ஓட்டறாப்பல ஓட்டுவாரு.

பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸுல காசு வேண்டாம்னு அரசாங்கமே விட்டுப்போடுச்சு. ஆனா டிக்கெட்டு இல்லாம என்னய உக்கார விடமாட்டேங்கற ஒரு ஆளு இன்னும் இருக்கறாரு. எங்கூட்டுக்காரருதான்.

அவரு கண்டக்டருங்க. பொள்ளாச்சி பழனி ரூட்டுல இருவத்தொம்பது வருசம். நேர்மைன்னா நேர்மை, அப்படியொரு நேர்மை, கூட இருக்கறவளுக்குத் தலைவலி. இப்ப மறதி நோயி. சாவிய எங்க வெச்சேன்னு தேடற மறதி இல்லீங்க, பொண்டாட்டி யாருன்னு கேக்கற மறதி. வெடியால எந்திரிச்சுக் காக்கிச் சட்டையத் தேடுவாரு. டூட்டிக்கு நேரமாச்சும்பாரு. கதவு தொறந்திருந்தா நடந்தே போயிருவாரு. ரெண்டு தடவை போலீசுக்காரங்க கூட்டியாந்து விட்டாங்க. அப்புறந்தான் என்ற மக பாத்து இங்க ஒரு ஹோம்ல சேத்துனா. நானு மக ஊட்டுல இருக்கறேன். தெனமும் பத்து மணி வண்டிக்குப் போயிட்டு மூணு மணி வண்டிக்கு வந்துருவேன். இவளுக்கு வேற வேலையே இல்லையாட்ட இருக்குதுன்னு நெனைக்காதீங்க. நானு போகலைன்னா அங்க செடியெல்லாம் மொட்டையாயிரும். செடிக்காகத்தான் போறேன்.

மொதல் மூணு மாசம் மாடியில வெச்சிருந்தாங்க. ஜன்னலுக்குக் கம்பி. அந்தக் கம்பியத் தட்டித் தட்டி “ஹோல்டான், ஹோல்டான்”னு கத்துவாரு. வண்டி நிக்கோணுமே, அவரு எறங்கோணுமே. ரெண்டு கையும் கன்னிப் போச்சுங்க. சோத்தத் தள்ளி விட்டுருவாரு. என்னயப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குவாரு. நானு கீழ வந்து, தண்ணி டாங்கிப் பக்கத்துல நின்னு, அழுது முடிச்சு, மொகங்கழுவிட்டு வண்டியேறுவேன். அது ஒரு காலம், போகட்டும்.

அங்க பிரிசில்லா மேடம்னு ஒருத்தங்க, அவங்கதான் ஹோமை நடத்தறாங்க. நெம்ப நல்லவங்க. ஆனா எதக் கேட்டாலும் ஒரு பேப்பரப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவாங்க. அவங்க யோசனையில ஒரு தோட்டம் போட்டாங்க. மறதிக்காரங்களுக்குன்னே தோட்டமுங்க. பாதை எப்படிச் சுத்துனாலும் பொறப்பட்ட எடத்துக்கே வந்துரும், யாரும் முட்டிக்கிட்டு நிக்கவேண்டியதில்லை. முள்ளு கெடையாது, அரளி கெடையாது, யாராச்சும் வாயில போட்டுக்கிட்டா என்ன பண்றது? இடுப்பு உசரத்துக்குத் தொட்டி கட்டி ஓமவல்லி, மரிக்கொழுந்து, துளசி, கறிவேப்பிலை. வாசனை புடிச்சாப் பழசெல்லாம் ஞாவகம் வருமாமா. வெளிக் கதவுக்கும் செவுத்துக்கும் ஒரே பச்சை அடிச்சு வெச்சிருக்கறாங்க, கதவுன்னே தெரியாது. நானே ஒரு நாளு வழி தெரியாம ரெண்டு சுத்து சுத்திப்போட்டேன். புதுசா வந்த சிஸ்டரு ஒருத்தி ஓடியாந்து, “வாங்கம்மா, ரூமுக்குப் போலாம்”னு என்ற கையப் புடிச்சா. சுருக்குன்னு வந்துச்சு பாருங்க எனக்கு!

அந்தத் தோட்டத்து நடுவுல ஒரு பஸ் ஸ்டாப்பு. சிரிக்காதீங்க, நெசமாலுந்தான். கூரை, பெஞ்சு, ‘பேருந்து நிறுத்தம்’னு போர்டு, எல்லாம் உண்டு. பஸ்ஸு மட்டும் வராது. நெனச்ச நேரத்துல அங்க இருக்கறவங்க ஒவ்வொருத்தரா ‘ஊட்டுக்குப் போகோணும்’னு கெளம்பிருவாங்களாமா. போகாதீங்கன்னாச் சண்டை. “வாங்க, பஸ்ஸு வரட்டும்”னு கூட்டியாந்து உக்கார வெச்சா, சித்த நேரத்துல எதுக்கு வந்தோம்னே மறந்து சாப்படப் போயிருவாங்களாம். வெளிநாட்டுலயெல்லாம் இதுதான் வைத்தியமாமா. “இது ஏமாத்து வேலைங்க”ன்னு நானு மேடத்துக்கிட்டயே சொன்னேன். பேப்பரப் பாத்துட்டு, “அப்படி இல்லம்மா”ன்னாங்க.

ஆனா அந்தப் பேப்பருல ஒண்ணு விட்டுப்போச்சு. நாலு பேரு ஸ்டாப்புல உக்காந்திருந்தா, அவங்களுக்கு டிக்கெட்டு கிழிக்கோணும்னு ஒரு மனுசனுக்குக் கை நமநமங்கும்னு அதுல எழுதலை.

மொத நாளு நானுந்தான் இருந்தேன். கையப் புடிச்சுக் கூட்டியாந்தோம். பெஞ்சப் பாத்தாரு. ஆளுங்களப் பாத்தாரு. அப்படியே முதுகு நிமிந்துருச்சுங்க. கக்கத்துல பை இருக்கறாப்பல எடது கைய மடக்கிக்கிட்டாரு. “டிக்கெட், டிக்கெட், ஏறினவங்க வாங்கிக்கங்க!”ன்னு ஒரு சத்தம். மூணு மாசமா ‘ஹோல்டான்’ தவிர அந்தத் தொண்டையில வேற சொல்லே வரலை. பையத் துழாவறாரு, பையில்லை. டிக்கெட்டுமில்லை. பக்கத்துத் தொட்டியில ஓமவல்லி தளதளன்னு நின்னுச்சு. ஒரு எலையப் பறிச்சாரு, ஓரத்துல நகத்தால ஒரு கிள்ளு கிள்ளுனாரு, நீட்டுனாரு. “எங்க போகோணுமுங்க?”

அங்க ரங்கநாயகி டீச்சர்னு ஒருத்தங்க, ஹைஸ்கூல்ல கணக்கு எடுத்தவங்களாமா. “மெட்ராஸ் ஒண்ணு”ன்னாங்க. “மெட்ராஸ் போகாதுங்க டீச்சர். பழனியில எறங்கி மாறிக்கங்க.” டீச்சர் எலைய வாங்கி மோந்து பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு பேங்க் மேனேஜரு, சதா கோவம் அவருக்கு. “எப்பத்தான்யா வண்டிய எடுப்பீங்க?”ன்னு கேட்டாரு. “டிரைவரு டீ குடிக்கப் போயிருக்கறாருங்க.” அந்த டிரைவரு ஆறு மாசமா டீ குடிக்கறாரு, அம்மணி. ஒருத்தருக்கும் அவரு மேல கோவமில்லை.

மேடம் என்னமோ வாசனை புடிங்க, வாசனை புடிங்கன்னு எல்லாருக்கும் எலையக் கையில குடுத்துப் பாத்தவங்கதான், அன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வாங்கலை. இவரு குடுத்தாரு, அத்தனை பேரும் டிக்கெட்டு தொலைஞ்சிருமேன்னு பொழுதுக்கும் கையிலயே வெச்சிருந்தாங்க. அன்னைக்கு எங்கூட்டுக்காரரு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்புட்டாரு.

எனக்கு மட்டும் சந்தோசமா இருந்துச்சுங்கறீங்களா? கடைசியில என்ற கிட்ட வந்தாரு. “எங்க போகோணுமுங்க?” ‘ங்க’! நாப்பத்தி மூணு வருசமா ‘ஏ புள்ள’ன்னு கூப்பிட்ட வாயி. மனசு ஒடிஞ்சே போச்சு. “உடுமலை”ன்னேன், பொறந்த ஊரு அதுதான் வாயில வந்துச்சு. கிள்ளிக் குடுத்தாரு. அதுல வேற, டீச்சருக்கு மட்டும் ஜன்னலோரம் உக்காருங்கறாரு. பெஞ்சுல ஏதுங்க ஜன்னலு? அந்தம்மாளும் நகந்து உக்காந்து வேடிக்கை பாக்கறாங்க! நடுவுல உக்கார வெச்சாரு என்னய.

‘ங்க’ போட்டதுக்கு ஏன் இந்தப் பொம்பளைக்கு இத்தனை ரோசம்னு நெனைப்பீங்க. அதுக்கு ஒரு பழைய கதை இருக்குது, அதச் சொல்லலைன்னா உங்களுக்குப் புரியாது.

கல்யாணமாகி ரெண்டாவது வருசம். ஒறம்பரைங்க ஒம்பது பேரு, எல்லாம் என்ற பொறந்த ஊட்டுச் சனம், பழனிக்குப் போறோம். உடுமலையில வண்டி வருது, பாத்தா எங்கூட்டுக்காரரு வண்டி. எனக்குத் தலைகால் புரியலை. இந்தப் பஸ்ஸுல வேலை பாக்கறவங்கல்லாம் ஓசியில ஏறுவாங்க இல்லீங்களா, கண்டக்டரு வந்தா ‘ஸ்டாஃப்’னு ஒரு சொல்லு, அவ்வளவுதான், கண்டக்டரு தலைய ஆட்டிட்டுப் போயிருவாரு. அந்தச் சொல்லு மேல எனக்கு நெம்ப நாளா ஆசை. மத்தவங்களுக்கெல்லாம் சித்தப்பா டிக்கெட்டு எடுத்தாரு. என்ற கிட்ட வந்ததும் நானு, புதுச் சேலை, தலை நெறைய பூவு, எல்லாரும் கேக்கறாப்பல, “ஸ்டாஃப்”னேன்.

அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுங்களா? “ஸ்டாஃப் நானு. நீங்க டிக்கெட் எடுங்க.”

‘நீங்க’! வண்டியே சிரிச்சுச்சுங்க. என்ற நங்கையா, அண்ணன் பொண்டாட்டி, சீட்டுக் கம்பியில தலைய முட்டி முட்டிச் சிரிச்சா. பழனி வரைக்கும் நானு ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தேன். ஊட்டுக்கு வந்து எட்டு நாளு அவரு சோத்துல உப்புப் போடலை. அவரும் ஒண்ணும் கேக்காம எட்டு நாளும் தின்னாரு. ஒம்பதாவது நாளு எனக்கே வாயி சகிக்காம உப்புப் போட்டேன். ஆனா மன்னிக்கலை. அன்னையிலிருந்து அவரு வண்டியில நானு ஏறுனதே கெடையாது. இப்பத் தெனமும் ஏறறேன், பஸ்ஸே இல்லாத பஸ்ஸுல. தலையெழுத்துங்க.

சரி, செடிக்கு வருவோம். தெனமும் ரெண்டு ட்ரிப்பு, ட்ரிப்புக்கு ஏழெட்டு டிக்கெட்டு. எறங்காமயே மறுபடி ஏறறவங்க வேற. ஓமவல்லி மொட்டை, கறிவேப்பிலை மொட்டை, மரிக்கொழுந்து வெறுங்குச்சி. நடறாங்க, பறிக்கறாரு. அப்பப் பாத்துப் பெங்களூர்லிருந்து ரெண்டு டாக்டருங்க தோட்டத்தப் பாக்க வாரோம்னு சொல்லிட்டாங்க. நல்லாருந்தா அவங்களும் இதே மாதிரி அங்க கட்டுவாங்களாமா. மேடம் என்னயக் கூப்பிட்டாங்க. பேப்பரே பாக்கலை, அதுலயே எனக்கு விசயம் பெருசுன்னு தெரிஞ்சுபோச்சு.

“அம்மா, புதுசா நட்டிருக்கோம். இனி அவரு எலையில கை வெச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மாடிக்கே அனுப்பவேண்டியதுதான்.”

மாடின்னா அந்தக் கம்பி. ஹோல்டான், ஹோல்டான். மறுபடியும் அத என்னால காதுல கேக்க முடியாதுங்க.

காலண்டர் தாளச் சதுரஞ் சதுரமா வெட்டிக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிப் பாத்தாரு. “நம்பரு எங்க? போலி டிக்கெட்டு. எந்தப் பிரஸ்ஸுல அடிச்சீங்க?”ன்னு என்னயவே விசாரணை பண்ணுனாரு. மறுநாளு இந்த வண்டியில உக்காந்து யோசிச்சுட்டே வாரேன், கையில பாத்தா இந்த டிக்கெட்டு. நம்பரு இருக்குது, எல்லாம் இருக்குது. அன்னைக்கே வண்டி பூராப் பொறுக்கி ஒரு கத்தை கொண்டுபோய் நீட்டுனேன். அய்யய்யோ! “குடுத்த டிக்கெட்ட மறுபடி குடுக்கறதா? என்ற வேலையத் தூக்கறதுக்கு வந்திருக்கறயா நீ?”ன்னு கத்துனாரு. அவரு சொன்னதும் சரிதானுங்க. கண்டக்டருக்கு அதவிடப் பெரிய களவு கெடையாது. எனக்குத்தான் புத்தியில்லை.

ஆனா அந்தக் கோவத்துலயும் ‘நீ’ன்னாரு பாத்தீங்களா? அத வெச்சுக்கிட்டே அன்னைக்குத் தூங்கிட்டேன்.

வெடியால எந்திரிக்கறப்ப யோசனை வந்துருச்சு. டிக்கெட்ட அவருக்கு எதுக்குக் குடுக்கோணும்? ஏறினவங்களுக்குக் குடுத்துப்போட்டா? நேரமே போயி, பெஞ்சுல உக்காந்தவங்க கையில ஆளுக்கொண்ணு வெச்சுட்டேன். அவரு வந்தாரு. “டிக்கெட், டிக்கெட்.” டீச்சர் தூக்கிக் காட்டுனாங்க. மேனேஜரு தூக்கிக் காட்டுனாரு. “எடுத்தாச்சுங்களா, சரி, எடுத்தாச்சுங்களா, சரி”ன்னு ஒவ்வொருத்தரா வாங்கிப் பாத்து, நகத்தால ஓரத்துல ஒரு கிள்ளு. ஒரு எலை போகலை! எல்லாரும் டிக்கெட்டு எடுத்துட்டாங்கன்னு அவரு மொகத்துல என்ன நிம்மதி தெரியுங்களா! மேடம் தூரத்துல நின்னு பாத்துட்டு, பேப்பருல என்னமோ எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் டாக்டருங்க வந்த நாளு.

நானு எண்ணிக் கொண்டுபோனேன். பெஞ்சுக்கு ஏழு பேரு, எனக்கொண்ணு, எட்டு. தொட்டியில ஓமவல்லி அப்பத்தான் புதுசாத் துளுத்து, பச்சைப் புள்ளை காதாட்ட நின்னுச்சு. டாக்டருல ஒருத்தரு மேடத்தோடவே நின்னுட்டாரு. இன்னொருத்தரு, கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில பைல், அச்சு அசல் செக்கிங் இன்ஸ்பெக்டராட்டவே இருந்தாரு. அவரு நேரா வந்து பெஞ்சுல உக்காந்துட்டாருங்க! ஆளு ஒண்ணு கூடிப்போச்சு. வேற வழி? என்ற டிக்கெட்ட அவரு கையில திணிச்சுப்போட்டேன்.

எங்கூட்டுக்காரரு வாராரு. டீச்சர் காட்டுனாங்க. மேனேஜரு காட்டுனாரு. டாக்டரும் காட்டுனாரு. கடைசியில நானு. கையில ஒண்ணுமில்லை.

“டிக்கெட்டுங்க?”

அவரு மொகம் சுருங்குச்சு. மெதுவா அவரு கை ஓமவல்லிப் பக்கம் போகுது. அந்தப் பக்கம் மேடம், கண்ணெடுக்காமப் பாக்கறாங்க. எனக்கு அந்த மாடி ஜன்னலு தெரியுது, கன்னிப்போன கை தெரியுது. வெரலு எலையத் தொட்டுருச்சுங்க. எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க, நாப்பது வருசமா நாக்குக்கு அடியில கெடந்தது, டப்புன்னு வந்துருச்சு.

“ஸ்டாஃப்.”

கை நின்னுருச்சு. திரும்பி என்ற மொகத்தப் பாத்தாரு. நெம்ப நேரம் பாத்தாரு. போச்சு, ‘ஸ்டாஃப் நானு’ன்னு சொல்லப் போறாரு, மறுபடி எல்லாருஞ் சிரிக்கப் போறாங்கன்னு நானு சேலைத் தலைப்பக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்த டாக்டரு சும்மா இருக்கக் கூடாதா? வெளையாட்டாத்தான், “ஏங்க கண்டக்டர், அவங்களுக்கு டிக்கெட் இல்லையா?”ன்னாரு. பைலு, கண்ணாடி, கேள்வி. செக்கிங்கேதான்!

எங்கூட்டுக்காரரு நேரா நின்னாரு. “ஸ்டாஃப்புங்க சார்”னாரு. “நம்ம ஸ்டாஃப்தான். எனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும்னாருங்க. பெத்த மகளத் தெரியாது, சொந்தப் பேரு பாதி நாளு தெரியாது. செக்கிங்கிட்ட எனக்காகப் பொய்யி சொன்னாருங்க அந்த மனுசன்! இருவத்தொம்பது வருசத்துல ஒரு பொய்யி.

மேடம் ஓடியாந்து, “உங்கள அடையாளம் கண்டுட்டாரும்மா!”ன்னு என்ற தோளப் புடிச்சுக்கிட்டாங்க. “அதெல்லாம் இல்லீங்க, பழைய கண்டக்டரு யாராச்சும்னு நெனச்சிருப்பாரு”ன்னேன். கண்ணுல தண்ணி வந்தது ஓமவல்லி நெடியில. எலையே பறிக்கலையேன்னு கேக்காதீங்க. சரி, அழுதேன், போதுமா? டாங்கி வரைக்குங்கூடப் போகலை, பெஞ்சுலயே உக்காந்து அழுதேன். டீச்சர் என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? எந்திரிச்சு, “நீங்க ஜன்னலோரம் உக்காருங்க, காத்து வரும்”னாங்க. உக்காந்தேன். காத்து வந்துச்சுங்க.

அவரு அங்கயேதான் இருக்கறாரு, தோட்டத்துல. மாடிப் பேச்சே இல்லை. அது நடந்து இன்னைக்குப் பதினோரு நாளு. மறுநாளே எல்லாம் மறந்தாச்சு. “எங்க போகோணுமுங்க? டிக்கெட்டுங்க?” நானும் தெனமும் டிக்கெட்டக் காட்டறேன், கிள்ளிக் குடுக்கறாரு. அந்தச் சொல்ல மறுபடி சொல்லிப் பாக்க எனக்குத் தைரியம் வரலைங்க. ஒரு தடவை ஜெயிச்ச வழக்கு, எதுக்குத் திருப்பி நடத்தோணும்னு இருந்துட்டேன்.

அந்தா, புளிய மரம் தெரியுதா, அதுக்கடுத்த ஸ்டாப்பு. டிக்கெட்டக் குடுங்க. ஆச்சு, உங்களோடதச் சேத்து ஏழு. பெஞ்சுக்குச் சரியாப்போச்சு. என்ற டிக்கெட்டா? அத இப்ப ஜன்னல்ல விடப் போறேன், பாருங்க. விட்டாச்சு.

ஆமாங்க, இன்னைக்குச் சொல்லிப் பாக்கப் போறேன். காத்தால தலைக்கு ஊத்திப் பூவெல்லாம் வெச்சிருக்கறனே, பாக்கலையா? அவரு “ஸ்டாஃப் நானு, நீங்க டிக்கெட் எடுங்க”ன்னு சொன்னாருன்னா, அது எங்கூட்டுக்காரரு. தலைய ஆட்டிட்டுப் போனாருன்னா, அதும் எங்கூட்டுக்காரருதான்.

கண்டக்டரு! ஹோல்டானுங்க! ஹோம் ஸ்டாப்பு ஒண்ணு எறங்கோணும்!